கடன் கொப்பியும் கலங்கும் மனமும்: வன்னி வியாபாரியின் மன அழுத்தத்தைப் புரிந்து கொள்வோம்

இன்று எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் அடிக்கடி காதில் விழுகின்ற சொல் 'டென்ஷன்'. வியாபாரம் எப்படி என்று கேட்டால் முதலில் 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற பதில் வரும். சற்று நேரம் நின்று பேசினால் 'சரியான டென்ஷன்' என்ற இரண்டாவது பதிலும் வரும். முதலாவது ஈமானின் பதில். இரண்டாவது உடம்பின் பதில். இரண்டுமே உண்மைதான்.

ஆனால் இந்த இரண்டாவது பதிலை நாம் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. கடை என்றால் டென்ஷன் இருக்கத்தானே செய்யும் என்று விட்டு விடுகிறோம். பிறகு ஒரு நாள் நாற்பது வயதுகூட நிரம்பாத ஒருவருக்கு மாரடைப்பு வந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறோம். இன்னொருவர் கடையை இழுத்து மூடிவிட்டு எவரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்படுகிறோம். அப்போதுதான் 'அவருக்கு இவ்வளவு பிரச்சினை இருந்ததா?' என்று கேட்கிறோம்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சிறு கடை நடத்துகின்ற நமது சகோதரர்களை மனதில் கொண்டு இவ்வாரம் இந்த விடயத்தை எடுத்துக் கொள்கிறோம்.

மன அழுத்தம் என்றால் என்ன?

கனடாவின் மொன்றியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே என்ற விஞ்ஞானி 1936 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் குறிப்பை வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு என எந்த வகையான நெருக்கடி ஏற்பட்டாலும் உடல் ஏறக்குறைய ஒரே விதமாகவே பதிலளிக்கிறது என்பதே அவர் கண்டது. மன அழுத்தம் பற்றிய இன்றைய அறிவு பெருமளவில் அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஆபத்து நெருங்கும்போது நமது உடல் அதிரினலின், கோர்ட்டிசோல் ஆகிய ஹோர்மோன்களைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தத்தில் சீனி கூடுகிறது. சமிபாடு மந்தமாகிறது. காட்டுப் பாதையில் யானை எதிர்ப்பட்டால் ஓடித் தப்புவதற்கு அல்லாஹ் நமக்குத் தந்துள்ள ஏற்பாடு இது. யானை போனதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பி விடும்.

வியாபாரியின் யானையோ போவதில்லை. வங்கியில் நாளை விழப்போகும் காசோலை, மொத்த வியாபாரியின் தொலைபேசி அழைப்பு, லீசிங் தவணை, வராத கடன் ஆகியவை இரவும் பகலும் வாசலிலேயே நிற்கின்றன. ஐந்து நிமிடத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தால் என்னவாகும்? தூக்கம் கெடும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் கட்டுப்பாட்டை மீறும். நெஞ்செரிவு, தலைவலி, முதுகுவலி என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

எல்லா அழுத்தமும் கெட்டதல்ல. பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு எடுக்கும்போதும், வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடை போடும்போதும் ஏற்படுகின்ற பரபரப்பு நம்மை வேலை செய்ய வைக்கிறது. அது முடிந்ததும் களைப்போடு ஒரு நிம்மதியும் வருகிறது. முடிவே இல்லாமல் நீளுகின்ற அழுத்தம்தான் ஆளை அரிக்கிறது.

வன்னியில் சுமை ஏன் அதிகம்?

கடன் கொழும்பு வியாபாரிக்கும் உண்டு, கண்டி வியாபாரிக்கும் உண்டு. ஆனால் வன்னியில் கடை வைத்திருப்பவர் பூச்சியத்திலிருந்து ஒரு தடவை மட்டும் தொடங்கியவர் அல்லர்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு நகரிலும், தண்ணீரூற்றிலும், நீராவிப்பிட்டியிலும் இருந்த நமது வர்த்தகர்கள் கடையையும் சரக்கையும் மட்டுமல்ல, கடன் கொப்பிகளையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ஊருக்குக் கொடுத்திருந்த கடன் முழுவதும் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. புத்தளத்து முகாம்களில் கையேந்தி நிற்க நேர்ந்தவர்களில் பலர் அதுவரை பிறருக்குக் கொடுத்துப் பழகிய கைகளைக் கொண்டவர்கள்.

வன்னிக்குள் இருந்த தமிழ் வியாபாரிகளின் கதையும் குறைந்ததல்ல. 1990களில் சீமெந்து, எரிபொருள், பற்றரி போன்ற பொருட்களுக்குத் தடை இருந்தது. வவுனியாவில் பாஸ் நடைமுறை இருந்தது. 2002 இல் ஏ-9 வீதி திறந்தபோது பலர் நம்பிக்கையோடு முதலிட்டார்கள். 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது அம்மக்கள் உயிரிழப்புகளோடு அனைத்தையும் இழந்து செட்டிகுளம் முகாம்களில் நின்றார்கள். இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நம் கடைக்குப் பக்கத்துக் கடையில் இருப்பவர் அந்தப் பாதையில் வந்தவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

யுத்தத்தின் பின் மீளத் திரும்பிய நம்மவர்களில் பலருக்கு இன்னொரு சுமையும் சேர்ந்து கொண்டது. கடை முல்லைத்தீவில், பிள்ளைகளின் பாடசாலை புத்தளத்தில். இரண்டு வீட்டுச் செலவு, இரண்டு மின்கட்டணம், வாராவாரம் பஸ் பயணம். வருமானம் ஒன்று, வாழ்க்கை இரண்டு.

அதன் பிறகும் ஓய்வு கிடைக்கவில்லை. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தையில் தீ பரவிக் கடைகள் எரிந்து சாம்பலாகின. 2018 டிசெம்பரில் பெருவெள்ளம் வந்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர், எந்தக் குற்றமும் செய்யாத முஸ்லிம் வர்த்தகர்கள் நாடெங்கும் சந்தேகப் பார்வையையும் பகிஷ்கரிப்பையும் சந்தித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதித் தடை வயல்களை வாட்டியது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிச் சென்றது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. நேற்று விற்ற பணத்தில் இன்று அதே சரக்கை வாங்க முடியவில்லை.

இத்தனையையும் தாண்டி ஒருவர் இன்றும் காலையில் கடை திறக்கிறார் என்றால் அவர் பலவீனமானவர் அல்லர். ஆனால் பலமானவருக்கும் களைப்பு வரும்.

ஊரின் வங்கி

வன்னியின் கிராமக் கடை ஒரு கடை மட்டுமல்ல, அது ஊரின் வங்கியும்தான். இதைப் புரிந்து கொண்டால்தான் நமது அழுத்தத்தின் வேர் தெரியும்.

காலபோக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில் நடக்கிறது. அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் வருகிறது. இடைப்பட்ட நான்கைந்து மாதங்கள் விவசாயியின் கையில் பணம் இருப்பதில்லை. அரிசி, மா, சீனி, பால்மா, எண்ணெய் அனைத்தும் கொப்பியில்தான் போகும். கடலோரத்தில் இதே நிலை வாடைக் காற்றின் காலத்தில் மீனவருக்கு வருகிறது.

விவசாயிக்குக் கடைக்காரர் கொடுக்கிறார். கடைக்காரருக்கு வவுனியா மொத்த வியாபாரி கொடுக்கிறார். அவருக்கு கொழும்புப் புறக்கோட்டை கொடுக்கிறது. புறக்கோட்டைக்கு வங்கி கொடுக்கிறது. இந்தச் சங்கிலியில் வங்கியிடம் ஈடு இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார், ஏல விற்பனை இருக்கிறது. நீதிமன்றம் செல்லாமலே ஈட்டுச் சொத்தை வங்கி ஏலம் விடுகின்ற பராட்டே முறை எத்தனை வர்த்தகர்களை வாட்டியது என்றால், 2024 இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப் பாராளுமன்றத்தில் சட்டத் திருத்தமே கொண்டு வர வேண்டியிருந்தது.

கிராமக் கடைக்காரரிடம் என்ன இருக்கிறது? ஒரு கொப்பியும் முகத்தாட்சண்யமும்தான். மேலிருந்து திகதியோடு அழுத்தம் வருகிறது. கீழிருந்து திகதி இல்லாத வாக்குறுதி வருகிறது. நடுவில் நிற்பவர் நசுங்குகிறார். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று தன்னைத் தானே நொந்து கொள்ளும் சகோதரர் இதை நன்றாக விளங்கிக் கொள்ள வேண்டும். உங்கள் அழுத்தத்தில் பெரும்பகுதி உங்கள் குணத்தின் குறை அல்ல. நீங்கள் நிற்கின்ற இடம் அப்படி.

உடம்பு பேசும் மொழி

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இருபது வருடங்களுக்கு மேலாகப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்களிடையே ஓர் உளநல ஆய்வு நடத்தப்பட்டு 2013 இல் வெளியானது. வளர்ந்தோர் 450 பேரிடம் விசாரித்ததில் 18.8 வீதமானோருக்கு ஏதாவதொரு பொதுவான உளநலப் பாதிப்பு இருந்தது. அதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கூடுதலாகக் காணப்பட்டது பயமோ அழுகையோ அல்ல. உடல் நோவாக வெளிப்படுகின்ற பாதிப்பு, 14 வீதம். வேலையின்மையும் உணவுக்கு நெருக்கடியும் இருந்தவர்களிடம் பாதிப்புகள் கூடுதலாக இருந்தன.

அதாவது நமது சமூகத்தில் மனம் பேசுவது உடம்பின் வாயால்தான். 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று ஆண்கள் சொல்வதில்லை. 'நெஞ்சு பாரமாக இருக்கிறது', 'உடம்பெல்லாம் உளைகிறது', 'தலை கிறுகிறுக்கிறது', 'சாப்பாடு இறங்குதில்லை' என்றுதான் சொல்கிறார்கள். ஈ.சி.ஜி எடுக்கிறார்கள், இரத்தம் சோதிக்கிறார்கள், எல்லாம் சரி என்று அறிக்கை வருகிறது. நோவு மட்டும் போவதில்லை. சோதனை செய்வது அவசியமே. ஆனால் சோதனையில் ஒன்றும் இல்லை என்றால் நோவு பொய் என்று அர்த்தமல்ல. நோவு உண்மை, அதன் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

கடைக்காரரிடம் காணப்படும் வேறு சில அடையாளங்களும் உண்டு. குறிப்பிட்ட சிலரின் தொலைபேசி இலக்கத்தைக் கண்டாலே கை நடுங்குவது. வேலைக்கு நிற்கும் பையனிடம் சிறு தவறுக்கும் எரிந்து விழுவது. கல்லாவைத் திரும்பத் திரும்ப எண்ணுவது, அல்லது எண்ணவே பயந்து விடுவது. தொழுகையில் நின்றாலும் மனதில் கணக்கே ஓடுவது. அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு விழித்துக் கொண்டு பின்னர் தூக்கம் வராமல் கிடப்பது. இவற்றில் மூன்று நான்கு உங்களிடம் சில வாரங்களாகத் தொடர்ந்து இருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இது ஈமான் குறைவா?

மனம் தளர்ந்தவரைப் பார்த்து 'ஈமான் பத்தாது', 'தவக்குல் இல்லை' என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அது விழுந்தவரை இன்னும் அழுத்துகிறது. அவர் அடுத்த முறை வாய் திறப்பதில்லை.

யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்பார்வையையே இழந்ததை அல்குர்ஆன் சூரா யூஸுஃபில் கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் தமது துணைவியார் கதீஜா (ரழி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டு 'துயர ஆண்டு' என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. நபிமார்களுக்கே துயரம் வந்தது என்றால் நமக்கு வருவது குற்றமாகுமா?

கடன் மனிதனை என்ன செய்கிறது என்பதையும் நபி (ஸல்) அவர்கள் அறிந்தே இருந்தார்கள். கவலையிலிருந்தும் கடனின் பாரத்திலிருந்தும் அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். கடனைப் பற்றி ஏன் இவ்வளவு பயம் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மீற நேர்கிறது என்ற கருத்தில் விளக்கினார்கள். 'காசு நாளைக்கு வரும்', 'நான் கொழும்பில் நிற்கிறேன்' என்று கடையின் பின்னறையில் இருந்து கொண்டே சொல்ல நேர்ந்தவருக்கு இதன் ஆழம் விளங்கும். பணமில்லாத வேதனையை விட, நாணயமான மனிதன் பொய் சொல்ல நேர்ந்த வேதனையே பல நேரம் பெரிதாக இருக்கிறது.

ஆயிரம் வருடங்களுக்கு முன்பே முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி (மறைவு கி.பி. 934) உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார். கோபம், பயம், துயரம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றை உள்ளத்தின் நோய்களாகப் பிரித்து, அவற்றுக்கும் சிகிச்சை தேவை என்றார். உளநலச் சிகிச்சை நமக்கு அந்நியமான விடயமல்ல.

முதல் மருந்து: எண்ணிக்கை

இனி என்ன செய்வது? கடன்பட்டவரைப் பெரும்பாலும் வாட்டுவது கடனின் அளவல்ல, அதன் அளவு தெரியாமை. தெரியாத தொகை இரவில் வளர்கிறது. எனவே முதலில் ஒரு தாள் எடுங்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தத் திகதியில் என்பதை ஒரு பக்கத்திலும், யார் யாரிடமிருந்து வர வேண்டும், அதில் உண்மையாக வரக்கூடியது எவ்வளவு என்பதை மறு பக்கத்திலும் எழுதுங்கள். நகைக் கடன், சீட்டு, கைமாற்று, லீசிங் எதையும் விடாதீர்கள். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் கட்டளையிடுகிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அது என்பதைச் சிந்தியுங்கள்.

அடுத்தது கடைக்கணக்கு. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கடையின் மாத விற்பனை 9 இலட்சம் ரூபா என வைத்துக் கொள்வோம். சராசரி இலாபம் 12 வீதம் என்றால் கிடைப்பது 108,000 ரூபா. கடை வாடகை 20,000, வேலையாளுக்கு 35,000, மின்சாரமும் ஏற்றுக்கூலியும் 18,000, மொத்தம் 73,000. மிஞ்சுவது 35,000 ரூபா. ஆனால் வீட்டுக்கு மாதம் 60,000 ரூபா போகிறது. மாதம் 25,000 ரூபா துண்டு விழுகிறது. வருடத்தில் 3 இலட்சம்.

இந்த 3 இலட்சம் சரக்கு வாங்கும் முதலிலிருந்து போகிறது. கல்லாவில் தினமும் சராசரியாக 30,000 ரூபா புரள்வதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலாளி கண்ணூறு என்று நினைப்பார், வேலைக்காரப் பையன் மேல் சந்தேகப்படுவார். பிறகு அந்த 3 இலட்சத்தை மாதம் 5 வீத வட்டிக்கு எடுத்தால் மாதாந்தம் இன்னும் 15,000 சேர்ந்து துண்டு 40,000 ஆகிவிடும். வட்டி ஹராம் என்பது ஒருபுறம். வட்டிக்கு எடுத்தோமே என்ற குற்ற உணர்வு அந்த மனிதனின் மீது இரண்டாவது அழுத்தமாக ஏறிக் கொள்கிறது என்பது மறுபுறம். வன்னியில் நுண்நிதிக் கடன்கள் குடும்பங்களை எந்த நிலைக்குக் கொண்டு வந்தன என்பதை நாம் கண்டோம். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

கணக்கு தெரிந்தால் துன்பம் உடனே தீராது. ஆனால் பயம் பிரச்சினையாக மாறும். பயத்தோடு போராட முடியாது, பிரச்சினைக்கு வழி தேடலாம். வீட்டுச் செலவைக் குறைப்பதா, இன்னொரு பொருளைச் சேர்த்து விற்பதா, இரண்டு வீட்டை ஒரு வீடாக்குவதா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசலாம்.

கடையில் செய்யக்கூடிய சில மாற்றங்கள்

கல்லாவையும் வீட்டையும் பிரியுங்கள். உங்களுக்கு நீங்களே மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து அதை மட்டும் எடுங்கள்.

கடனுக்கு எல்லை வையுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தொகை, முழுக் கொப்பிக்கும் ஒரு தொகை. விதைப்பு தொடங்கும் முன்னரே, ஒக்டோபரிலேயே, 'இந்த முறை இவ்வளவுதான் என்னால் முடியும்' என்று முகம் மலர்ந்து சொல்லி விடுங்கள். ஜனவரியில் முகத்தைச் சுளித்துக் கொண்டு சொல்வதை விட அது இருவருக்கும் நல்லது. மெய்யாகவே கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா 280 ஆவது வசனம் சொல்கிறது. எல்லை வைத்தவரால்தான் அந்த அவகாசத்தை மனமுவந்து கொடுக்க முடியும்.

இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதாதீர்கள். பின்திகதியிட்ட காசோலை ஒவ்வொன்றும் உங்கள் தலைமாட்டில் வைத்த மணிக்கூடு. கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி குற்றமுமாகும். காசோலை திரும்பப் போகிறது என்று தெரிந்தால் அந்தத் திகதிக்கு முன்னரே மொத்த வியாபாரியிடம் நேரில் செல்லுங்கள். முழுத் தொகை இல்லாவிட்டாலும் ஒரு பகுதியோடு செல்லுங்கள். தொலைபேசியை நிறுத்தி வைப்பவரைச் சந்தை மன்னிப்பதில்லை. முகம் காட்டிப் பேசுபவருக்குப் பெரும்பாலும் வழி பிறக்கிறது.

கடன் கொப்பியின் பிரதி ஒன்றைக் கடைக்கு வெளியே வையுங்கள். வாரம் ஒரு முறை கைத்தொலைபேசியில் படமெடுத்து மனைவிக்கோ மகனுக்கோ அனுப்பினால் போதும். 1990 இல் கொப்பியை இழந்தவர்களும் 2016 இல் தீயில் இழந்தவர்களும் நமக்குச் சொல்லித் தருகின்ற பாடம் இது. இயன்றவர்கள் தகாஃபுல் முறையில் தீ, வெள்ளப் பாதுகாப்பையும் பெற்றுக் கொள்ளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நபிவழி.

உடலுக்கும் ஓய்வு வேண்டும்

காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடுகின்ற கடைக்காரருக்கு நடைப்பயிற்சி பற்றிச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் ஐந்து நேரமும் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போவதற்குப் பதிலாக இரண்டு நேரமாவது நடந்து போகலாமே. வக்துக்கு வக்து கடையை விட்டு எழுந்து, வுழூ செய்து, ஜமாஅத்தோடு நிற்பது மனதுக்கும் பெரிய இடைவேளை. பாங்கு சொன்ன பிறகும் 'இந்த ஒரு ஆளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு' என்று தள்ளிப் போடுபவர் தனக்குரிய ஓய்வைத் தானே பறித்துக் கொள்கிறார். ஜும்ஆவுக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொன்ன மார்க்கம், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அருளைத் தேடவும் சொல்கிறது. ஓய்வும் உழைப்பும் மாறி மாறி வருவதுதான் ஒழுங்கு.

படபடப்பு வரும்போது செய்யக்கூடிய எளிய பயிற்சி ஒன்று உண்டு. கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததை விடக் கூடுதலான நேரம் எடுத்து வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் இதயத் துடிப்பு அடங்கும். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும் என்ற நபிமொழியின் பயனை அப்போது அனுபவத்தில் காண்பீர்கள்.

பிளேன் டீயும் சிகரெட்டும் வெற்றிலையும் டென்ஷனைக் குறைப்பது போலத் தோன்றும். உண்மையில் அவை இதயத்தை இன்னும் விரட்டுகின்றன, தூக்கத்தைக் கெடுக்கின்றன. இரவு பத்து மணிக்குப் பின் கணக்குப் பார்க்காதீர்கள். களைத்த மூளைக்கு எல்லாத் தொகையும் இரட்டிப்பாகத்தான் தெரியும். வைத்தியரின் சிட்டை இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடவே வேண்டாம்.

வீடு, கடைத்தெரு, பள்ளிவாசல்

நமது ஆண்கள் கடனை மனைவியிடம் மறைக்கிறார்கள். அவள் கவலைப்படுவாள் என்பது காரணம். ஆனால் கணவன் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பிள்ளைகளிடம் சீறுகிறான் என்பதை அவள் ஏற்கெனவே பார்த்துக் கொண்டுதான் இருக்கிறாள். காரணம் தெரியாத கவலை காரணம் தெரிந்த கவலையை விடக் கொடியது. முதல் வஹீ இறங்கி நடுங்கிய நிலையில் நபி (ஸல்) அவர்கள் சென்றது தமது துணைவியாரிடம்தான். கதீஜா (ரழி) அவர்கள் போர்த்தி, ஆறுதல் கூறி, அவர்களின் நற்குணங்களை எடுத்துச் சொல்லித் தைரியமூட்டினார்கள். அவர்களும் ஒரு பெரும் வர்த்தகர் என்பதை இங்கு நினைவு கொள்வோம்.

கடைத்தெருவுக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவரின் கடை ஒரு வாரமாகத் திறக்கவில்லை என்றால் 'ஆள் தப்பிவிட்டான்' என்று பேசுவதற்கு முன் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வர்த்தகர் சங்கங்கள் வாடகைக்கும் வரிக்கும் மட்டும் கூடாமல், நெருக்கடியில் விழுந்த அங்கத்தவருக்கும் அவரது கடன்காரருக்கும் இடையில் தவணை பேசி வைக்கவும் முன்வரலாம். முஸ்லிம் வர்த்தகரும் தமிழ் வர்த்தகரும் ஒரே சந்தையில் ஒரே மழையில் நனைபவர்கள். இந்த விடயத்தில் சேர்ந்தே நிற்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களின் கவனத்துக்கும் ஒரு செய்தி. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரைச் சூரா தவ்பாவின் 60 ஆவது வசனம் பட்டியலிடுகிறது. அதில் கடன்பட்டோர் தனியாகவே குறிப்பிடப்படுகின்றனர். நாமோ கடை வைத்திருப்பவரை ஸகாத் கொடுப்பவராக மட்டுமே பார்க்கிறோம். நேற்று வரை கொடுத்தவர் இன்று வாங்க வெட்கப்பட்டு வட்டிக்காரரிடம் போகிறார். ஊர் அறியாமல், கண்ணியம் கெடாமல், அத்தகையோரின் கடனின் ஒரு பகுதியையாவது நேரடியாகத் தீர்த்து வைக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆலிம்களின் வழிகாட்டலோடு யோசிக்க வேண்டும். ஊரில் ஒரு கடை மூடாமல் நின்றால் அந்தக் கொப்பியில் உள்ள குடும்பங்களின் அடுப்பும் எரியும்.

எப்போது வைத்தியரிடம் செல்ல வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமின்மையும் மனச்சோர்வும் தொடர்ந்தால், எதிலும் விருப்பமில்லாமல் போனால், கடை திறக்கவே மனம் வராவிட்டால், போதைப் பழக்கம் தொடங்கினால் தாமதிக்க வேண்டாம். 'நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது' என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். அப்படி ஒருவர் உங்களிடம் சொன்னால் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலச் சேவை இலவசமாகவே கிடைக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பது போன்றதே இதுவும். அங்கு போனால் 'பைத்தியம்' என்று பெயர் வரும் என்ற பயத்தால் எத்தனை குடும்பங்கள் தமது தூணை இழந்து விட்டன!

கடன் தீரும் வரை அழுத்தம் முற்றாக நீங்கிவிடும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்த வாரமே ஒரு தாளும் பேனையும் எடுக்கலாம். ஒரு கடன்காரரிடம் முகம் காட்டலாம். வீட்டில் ஒரு உண்மையைச் சொல்லலாம். சரக்குப் போனால் மறுபடி வாங்கலாம், கடை போனால் மறுபடி கட்டலாம் என்பதை வன்னி மண் பல தடவை காட்டியிருக்கிறது. அதற்கு ஆள் இருக்க வேண்டும்.

கவலையிலிருந்தும் கடனின் பாரத்திலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பாற்றி, ஹலாலான ரிஸ்க்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.